இல்லத்துக் காற்றும் கொல்லா நோன்பும்

நீரை வடிகட்டாமல் பருகுவதில்லை. கதிரவன் மறைந்தபின் உண்பதில்லை. நேற்றுச் சமைத்ததை இன்று தொடுவதில்லை. இம்மூன்றும் சமண இல்லறத்தாரின் அடையாளங்களாக நெடுங்காலம் விளங்கி வந்துள்ளன. நம் முன்னோர் இவற்றை வகுத்ததன் உட்கருத்து யாவரும் அறிந்ததே. நீரிலும் உணவிலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தோன்றிப் பெருகுகின்றன. கவனமின்றி அவற்றை உட்கொள்பவன் அவ்வுயிர்களுக்கும் கேடு செய்கிறான், தன் உடலுக்கும் கேடு தேடிக்கொள்கிறான்.

ஒருவர் நாளொன்றுக்குப் பருகும் நீர் இரண்டு மூன்று லிட்டர். உள்ளிழுக்கும் காற்றோ ஏறத்தாழ 10,000 லிட்டர். அக்காற்றில் பெரும்பகுதியை நாம் வீட்டுக்குள்ளேதான் மூச்சாக இழுக்கிறோம். நீருக்கு வெள்ளைத் துணி கட்டிய நாம் காற்றைப் பற்றி எண்ணிப் பார்த்ததுண்டா? அக்காற்றில் கலந்துள்ள சிற்றுயிர்களாலும் அவற்றின் கழிவுகளாலும் வீட்டுக் குழந்தை மூச்சுத் திணறும்போது, கொல்லாமையை நோன்பாகக் கொண்ட இல்லறத்தார் செய்யத்தக்கது யாது? அவற்றைக் கொல்வதா, அல்லது வினைப்பயன் என்று பொறுத்திருப்பதா? இவ்வினாவைத் தாய்மார்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கின்றனர். எனக்குத் தெளிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

வீட்டுக் காற்றில் வாழ்வன

முதலில் பொருளை அறிதல் வேண்டும். அறிவு முன்னே, தயை பின்னே என்பது நம் அறநெறியின் முறையன்றோ?

ஈரம் தங்கிய சுவரிலும், குளியலறை மூலையிலும், மழைக்காலத்தில் அடுக்கி வைத்த தோல் செருப்பிலும் பழைய புத்தகங்களிலும் படர்வது பூஞ்சை. அது தன் இனத்தைப் பெருக்க நுண்வித்துக்களைக் காற்றில் விடுகிறது. அவற்றுள் பல, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் இரண்டு முதல் பத்துப் பங்கு அளவேயுள்ளவை. பிடித்துப் பார்க்க இயலாது. மூச்சோடு உள்ளே செல்வதை உணரவும் இயலாது.

அடுத்தது மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசுண்ணி. இதன் நீளம் மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. மனித உடலிலிருந்து நாள்தோறும் உதிரும் தோல் துகள்களே இதற்கு உணவு. இது நீர் அருந்துவதில்லை. காற்றின் ஈரத்தையே உடலால் உறிஞ்சி உயிர் வாழ்கிறது. வீட்டுத் தூசினால் இழுப்பு வருவதை மருத்துவர்கள் முன்பே அறிந்திருந்தும், அதற்குக் காரணம் இவ்வுயிராக இருக்கலாம் என்பதை நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகர ஆய்வாளர்கள் 1964-ஆம் ஆண்டில்தான் எடுத்துக் காட்டினர். உண்ணி கடிப்பதில்லை. அதன் எச்சமும், இறந்த உடலின் துகள்களுமே தூசோடு கலந்து மூச்சில் நுழைகின்றன.

கரப்பான் பூச்சியும் அவ்வாறே. அமெரிக்காவின் எட்டு நகரங்களில், நெருக்கமான குடியிருப்புப் பகுதிகளில் வாழ்ந்த 476 ஆஸ்துமாக் குழந்தைகளை ஆராய்ந்த அறிக்கை ஒன்று 1997-இல் வெளியாயிற்று. கரப்பான் ஒவ்வாமை உடையவர்களாகவும், படுக்கையறையில் கரப்பான் தூசு மிகுந்த வீடுகளில் வாழ்பவர்களாகவும் இருந்த குழந்தைகள், மற்றக் குழந்தைகளைவிட மும்மடங்குக்கு மேலாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர் என்பது அதன் முடிவு.

இவற்றோடு புறா முதலிய பறவைகளின் உலர்ந்த எச்சமும் இறகுத் தூளும், பூசணம் பிடித்த தானியத்தின் தூசும், கழுவாத ஏர் கூலரின் ஈரப்புல்லில் வளரும் நுண்ணுயிர்களும் சேர்கின்றன.

உடலுக்குள் ஒரு பீலி

நம் முனிவர்கள் அமரும் முன் இடத்தை மயிற்பீலியால் மெல்ல ஒதுக்குவதைக் கண்டிருக்கிறோம். அதுபோன்ற ஓர் ஏற்பாடு நம் மூச்சுக்குழலுக்குள்ளேயும் உண்டு. குழலின் உட்சுவரில் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய இழைகள் அடர்ந்துள்ளன. அவை வினாடிக்குப் பத்து முறை போல அசைந்து, சளியில் ஒட்டிய தூசை ஓயாமல் மேல்நோக்கித் தள்ளுகின்றன. பெருந்துகள்களை மூக்கே தடுத்துவிடும். நடுத்தரத் துகள்களை இவ்விழைகள் வெளியேற்றும். மிக நுண்ணியவை மட்டும் இரு காவல்களையும் கடந்து, நுரையீரலின் கோடிக்கணக்கான காற்றறைகளை அடைகின்றன. அவ்வறைகளை விரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீட்டர் வரும் என்பர்.

அங்கே சென்றதும் நிகழ்வது இரு வகை. ஒன்று, மூச்சுக்குழல்கள் வீங்கிச் சுருங்குதல். இதுவே இழுப்பு எனப்படும் ஆஸ்துமா. இது பிறப்பிலேயே உடலில் அமைந்த இயல்பைப் பொறுத்தது. ஆயினும் ஈரமும் பூஞ்சையும் உண்ணியும் அதனைத் தூண்டி வளர்க்கின்றன. ஈர வீடுகளில் வாழ்வோருக்கு இருமலும் இழுப்பும் ஆஸ்துமாவும் மிகுதி என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட நெறிமுறை நூல் தெளிவாகக் கூறுகிறது. நான் ஆசிரியப் பணியில் இருந்த ஆண்டுகளில், ஐப்பசி கார்த்திகை மாதங்களின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் அதே சில பிள்ளைகளின் பெயருக்கு எதிரேதான் விடுப்புக் குறிகள் வரிசையாக நிற்கும்.

மற்றொன்று, காற்றறைகளின் சுவரே அழற்சி கொள்ளுதல். ஒவ்வாமை நுரையீரல் அழற்சி என இதனைக் கூறலாம். தூசை முகர்ந்த சில மணி நேரத்தில் காய்ச்சலும் இருமலும் வந்து மறைவது இதன் ஒரு வடிவம். சிறிது சிறிதாக ஆண்டுக் கணக்கில் மூச்சு குறைந்து, காற்றறைகள் தழும்பேறிக் கெட்டியாவது மற்றொரு வடிவம். தழும்பேறிய பகுதி மீண்டும் மெல்லியதாவதில்லை. ஆகவே இதில் காலம் தாழ்த்துதல் பெருங்கேடு. மருந்துக்கு முன்னர்க் காரணத்தை நீக்குவதே முதல் சிகிச்சை.

நம் நாட்டில் 19 நகரங்களின் 27 மருத்துவ மையங்களில் இவ்வகைத் தழும்பு நோய்களுடன் வந்த 1,084 பேரை ஆராய்ந்த அறிக்கை 2017-இல் வெளிவந்தது. அவர்களுள் 513 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 47 பேருக்கு, இருந்தது இந்த ஒவ்வாமை அழற்சியே. அந்த 513 பேரிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் ஏர் கூலர் காற்றுக்கு ஆட்பட்டவர்கள். குளிர்ச்சிக்காக வாங்கிய கருவி, கழுவாமல் விட்டால் எதனைப் பரப்பும் என்பதற்கு இது போதிய எச்சரிக்கை.

கொன்றால் தீருமா?

இங்கே இரு சாராரின் பேச்சைக் கேட்கிறோம். ஒரு சாரார், "குழந்தையா, பூச்சியா? மருந்தை அடித்துக் கொன்றுவிட வேண்டியதுதான்" என்பர். மற்றொரு சாரார், "ஒட்டடையைக் கூடக் கலைக்க மாட்டோம், எல்லாம் உயிர்" என்று இருந்துவிடுவர். முன்னவர் தம்மைக் காரியம் அறிந்தவர் என்று எண்ணுகின்றனர்; பின்னவர் தம்மை நோன்பு காப்பவர் என்று எண்ணுகின்றனர். இருவரும் பொருளை அறியாதவரே என்பது என் கருத்து.

முன்னவருக்குச் சொல்லத்தக்கது இது. பூஞ்சை மேல் நஞ்சு தெளித்தால் பூஞ்சை சாகும். ஆனால் செத்த பூஞ்சையின் துகளும் ஒவ்வாமையைத் தூண்டும். உண்ணியைக் கொன்றால் உண்ணி சாகும். நோயைத் தருகின்ற எச்சமும் உடல் துகளும் மெத்தையிலேயே தங்கும். சுவரில் ஈரம் உள்ளவரை பூஞ்சை மீண்டும் வரும்; சமையலறையில் சிந்திய உணவும் ஒழுகும் குழாயும் உள்ளவரை கரப்பான் மீண்டும் வரும். ஆகவே கொல்பவர் ஆண்டு முழுதும் கொன்றுகொண்டே இருக்க நேரும். தெளித்த நஞ்சையும் குழந்தையே முகரும். ஈரத்தை நீக்குவதே பூஞ்சைக்குத் தீர்வு என்று அறிவியல் நூல்களும் கூறுகின்றன. கொலை இங்கே அறத்துக்கு மட்டுமன்று, காரியத்துக்கும் உதவுவதில்லை.

பின்னவருக்குச் சொல்லத்தக்கது சற்று விரிவானது. நீரை வடிகட்டும் முறையை எண்ணிப் பாருங்கள். வடிகட்டிய துணியில் தங்கிய உயிர்களை வெயிலில் உதறிவிடுதல் முறையன்று. நீரை எந்தக் கிணற்றில் முகந்தோமோ அந்தக் கிணற்றிலேயே அவற்றைத் திரும்பச் சேர்ப்பதே ஒழுக்கம். இதன் நோக்கம் உயிர்களோடு கலந்து கிடப்பதும் அன்று, உயிர்களை அழிப்பதும் அன்று. அவை இருக்கும் இடம் வேறு, நாம் இருக்கும் இடம் வேறு என ஊறின்றிப் பிரித்து வைத்தல். நேற்றைய உணவைத் தவிர்ப்பதும் அவ்வாறே. உயிர்கள் தோன்றிப் பெருகி மடியும்படியான இடத்தை நாமே உண்டாக்கிவிடாமல் இருத்தலே அதன் பொருள். ஒட்டடையும் ஈரச்சுவரும் அழுக்கு மெத்தையும் காற்றுக்கு நேற்றைய சோறு. அவற்றை வைத்திருப்பது தயை ஆகாது.

கொலை எண்ணம் இல்லாத கொலை

இல்லறத்தாரின் ஹிம்சையை நம் ஆசாரியர்கள் நான்காகப் பகுத்தனர். கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்வது சங்கல்ப ஹிம்சை. சமைத்தல், பெருக்குதல் போன்ற வீட்டு வேலையில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவு முதலிய தொழிலில் நேர்வது தொழில் ஹிம்சை. தற்காப்பில் நேர்வது விரோத ஹிம்சை. இவற்றுள் முதலாவதை இல்லறத்தார் அறவே விடவேண்டும். ஏனையவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். பெருக்குவதில் ஹிம்சை உண்டு என்பதற்காகப் பெருக்காமலே இருக்குமாறு எந்த ஆசாரியரும் இல்லறத்தாருக்குக் கூறவில்லை.

அதற்கு மேலும் ஒன்று உண்டு. தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, உயிர் நீங்குதலை மட்டும் கூறாமல், அதற்குக் காரணமான பிரமாதத்தையும், அதாவது விழிப்பின்மையையும், சேர்த்தே கூறுகிறது. இதன் ஆழத்தை ஒரு நிகழ்ச்சியால் உணரலாம்.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று மூச்சு நோயால் இறந்தது. அக்குடும்பம் வாழ்ந்தது ஒரு வீட்டுவசதி அமைப்பின் வாடகைக் குடியிருப்பில். சுவரில் பூஞ்சை படர்வதைத் தந்தை 2017-ஆம் ஆண்டிலேயே முறையிட்டிருந்தார். அதன்மேல் வண்ணம் பூசிக்கொள்ளுமாறு மறுமொழி கிடைத்தது. நெடுங்காலம் பூஞ்சைக் காற்றில் வாழ்ந்ததே குழந்தையின் மரணத்துக்குக் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2022 நவம்பரில் தீர்ப்பளித்தார். பின்னர் 2023-இல் இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டு, ஆபத்தான ஈரத்தையும் பூஞ்சையையும் இத்தகைய வீட்டு உரிமை அமைப்புகள் குறித்த காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்னும் விதி 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

அங்கே எவரும் அக்குழந்தையைக் கொல்ல எண்ணவில்லை. எவரும் கையை ஓங்கவில்லை. விழிப்பின்மை ஒன்றே அங்கே இருந்தது. ஆயினும் ஐம்பொறியும் மனமும் பெற்ற ஓர் உயிர் போயிற்று. கொல்லும் எண்ணம் இல்லை என்பதனால் நாம் குற்றமற்றவர் ஆகிவிடோம் என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துரைக்க இயலுமோ? ஒழுகும் கூரையையும் பொருமிய சுவரையும் கண்டும் காணாதவர்போல் இருக்கும் வீட்டுத் தலைவரும், வாடகை வாங்கிக்கொண்டு வெள்ளை அடித்துத் தரும் வீட்டு உரிமையாளரும் இதனைத் தம் நெஞ்சில் வைத்து எண்ணவேண்டும். நம்மில் இரு திறத்தாரும் உண்டு.

புறாக்களின் வழக்கு

இவ்விடத்தில், நம் சமூகத்தைப் பெரிதும் வருத்திய ஒரு செய்தியைத் தவிர்த்துச் செல்வது நேர்மையாகாது. 2025 ஆகஸ்டு மாதம், மும்பை தாதரில் புறாக்களுக்குத் தீனியிடும் பழைய கபூதர்கானாவை மாநகராட்சி மூடியபோது, அந்நகரச் சமணச் சகோதரர்கள் பலர் வீதிக்கு வந்து எதிர்த்தனர். மக்களின் உடல்நலம் வழக்கு மன்றம் வரை பேசப்பட்டது. வாயில்லாப் பறவைக்குத் தானியம் இடும் கையைத் தடுப்பதா என்று நம் ஊர்களிலும் பலர் மனம் கொதித்தனர்.

அவர்களது தயையை நான் குறைத்துப் பேசேன். ஆயினும் புறா எச்சத்தாலும் இறகுத் தூளாலும் வரும் நுரையீரல் நோயை மருத்துவ உலகம் 1965 முதல் அறிந்துள்ளது. அது எல்லாருக்கும் வருவதில்லை. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் இயலாது. தீனியால் பெருகிய புறாக்கள் அடுத்த வீட்டுச் சன்னல் விளிம்பிலும் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்திலும் கூடு கட்டுகின்றன. தானியம் இட்டவருக்குப் புண்ணியம். மூச்சு போவதோ சன்னலுக்கு உள்ளே படுத்திருக்கும் முதியவருக்கு. தானத்தின் பயனை ஒருவரும் அதன் துன்பத்தை மற்றொருவரும் ஏற்பது என்ன தானம்? தயையும் தன் விளைவை எட்டிப் பார்க்கக் கடமைப்பட்டது.

அதற்காகப் புறாவைப் பகைக்க வேண்டுவதில்லை. நஞ்சிடுதலும், முட்டையை எறிதலும், குஞ்சுள்ள கூட்டைக் கலைத்தலும் சமணர் வீட்டில் நிகழத்தகாதவை. கூடு கட்டும் முன்னரே பால்கனிக்கு வலை கட்டிவிடலாம். கட்டிவிட்டதாயின், குஞ்சு பறக்கும் வரை அந்தச் சன்னலை மூடி வைத்துப் பொறுத்திருந்து, பின்னர் எச்சத்தை நீர் தெளித்து நனைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு அகற்றலாம். பறவைக்குத் தானியமிட விழைவோர், குடியிருப்புக்கு அப்பால் வயல்வெளியிலோ தோப்பிலோ அளவாக இடலாம். உயிருக்கு இடம் மறுப்பது வேறு. அதற்கு உரிய இடத்தைக் காட்டுவது வேறு.

நாம் செய்யத்தக்கன

பழைய ஒழுக்கங்களையே சற்று அறிந்து கைக்கொண்டால் பெரும்பகுதி முடிந்துவிடும். கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் வீட்டில், அந்திக்குள் பாத்திரம் துலக்கி, அடுக்களையைத் துடைத்து, தொட்டியை உலரவிட்டால், இரவில் இரை தேடும் கரப்பானுக்கு அங்கே ஒன்றும் இராது. கொல்லாமலே அது வேறிடம் நாடும். இரவு உணவை விட்ட நோன்பு எவ்வுயிரையும் வருத்தாமல் வீட்டையும் காக்கிறது. அந்நோன்பை இக்காலப் பணிச்சூழலில் கைக்கொள்ள இயலாதவரும், உறங்குமுன் அடுக்களையைத் துடைத்து உலர்த்துதல் இயலும். சுவரின் விரிசலை அடைப்பதும், குழாயின் ஒழுக்கை நிறுத்துவதும் மருந்தடிப்பதைவிட மேல்.

வந்தவாசிக் கோரைப்பாயில் உறங்கியவர் நம் பாட்டனார். பாயைக் காலையில் உதறிச் சுருட்டி வெயிலில் சாய்த்து வைப்பர். உண்ணி தங்க அதில் இடமில்லை. மெத்தை வேண்டுவோர் அதனையும் தலையணையையும் நெருங்கிய நெசவுள்ள உறையால் முழுதும் மூடி வைக்கலாம். விரிப்புகளை வாரம் ஒருமுறை துவைத்து நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். சென்னை, கடலூர் போன்ற கடற்கரை ஊர்களில் காற்றே ஈரமாதலின், அங்குள்ளோர் மழை ஓய்ந்த நாளெல்லாம் சன்னலைத் திறந்து வைப்பது நலம். குளித்த ஈரத் துணியை அறைக்குள் உலர்த்துதலும், ஈரச்சுவரை ஒட்டி அலமாரி வைத்தலும் கூடா.

நெல்லும் மணிலாவும் வீட்டில் அடுக்கும் உழவர் குடும்பங்கள், நன்கு காய்ந்த தானியத்தையே உள்ளே கொண்டுவந்து, தரையில் படாமல் கட்டையின் மேல் வைத்தல் நன்று. பூசணம் கண்ட மூட்டையை வீட்டுக்குள் உதறுதல் ஆகாது. ஏர் கூலரின் நீரை நாள்தோறும் மாற்றி, தொட்டியை வாரந்தோறும் கழுவி, பயன்படுத்தாத காலத்தில் உலர்த்தி மூடி வைத்தல் வேண்டும். சாம்பிராணிப் புகை பூஞ்சையைப் போக்குவதில்லை. இழுப்பு உள்ளவருக்கு அதுவே துன்பம். பூசையறையில் நோயாளி இருப்பின் புகையின்றிப் பூவும் அட்சதையும் கொண்டு வழிபடலாம்.

பெருக்கும்போது தூசு எழாதவாறு மெல்லிய துடைப்பத்தால் பெருக்கி, பின் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். அந்நேரம் இழுப்புள்ள குழந்தையை வெளியே அனுப்பிவிடுக. இருமலும் மூச்சிரைப்பும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் செல்லத் தயங்குதல் கூடாது. வீட்டின் ஈரத்தையும், புறாவையும், கூலரையும் அவரிடம் தாமாகவே எடுத்துக் கூறுதல் வேண்டும். காசநோய் வந்து தேறியவர்களின் நுரையீரலில் பூஞ்சை எளிதில் குடிகொள்ளும் ஆதலின் அவர்கள் இருமடங்கு விழிப்போடு இருத்தல் வேண்டும்.

இத்தனைக்குப் பின்னும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. நோயுற்ற குழந்தையின் விரிப்பை வெந்நீரில் துவைக்குமாறு மருத்துவர் கூறுகிறார். வெந்நீரில் உண்ணிகள் மடியுமே, என் செய்வது? துவைத்துத்தான் ஆகவேண்டும். அது இல்லறத்தின் ஆரம்ப ஹிம்சை. அதில் குற்றமே இல்லை என்று நான் கூற மாட்டேன். அதனை வெற்றியாகக் கொண்டாடாமல், கடனாக ஏற்று, அன்றைய சாமாயிகத்தில் அவ்வுயிர்களிடம் மன்னிப்பை வேண்டி, அடுத்த முறை அவை பெருகாதபடி மெத்தையை உலர வைப்பவரே நோன்பு காப்பவர். முன்னமே விழித்திருந்தால் குறைந்திருக்கக்கூடிய கொலை அது என்னும் நினைவு அவரிடம் இருக்கும். அந்நினைவே நாளை அவர் கையைப் பிடித்து வழிநடத்தும்.

கொல்லாமை என்பது கையை மடக்கிக்கொண்டு இருப்பதன்று. கொல்ல வேண்டிய நிலை வாராதபடி நாள்தோறும் விழித்திருந்து உழைப்பதே அது. இம்மழைக்காலம் தொடங்குமுன் வீட்டின் நான்கு சுவரையும் கூரையையும் ஒருமுறை சுற்றிப் பார்த்து, ஈரம் எங்கே நுழைகிறது என்று கண்டு அடைத்துவிடுங்கள். அதுவும் ஒரு விரதமே.

அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புறுக!